ஸர் ரோனால்டு ராஸும் தீவுப் பறவைகளும்

திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்திலே, சங்கராபரணி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது திருவக்கரை என்னும் பழம்பதி. அவ்வூரில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்களைக் காண்பான் வேண்டி, எம் கல்லூரி மாணாக்கர் சிலரும் ஆசிரியர் இருவருமாக யாம் ஒரு நாள் சென்றிருந்தோம். இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் செழித்து நின்ற அம்மரங்களின் வரிகளையும் கணுக்களையும் கையால் தடவிப் பார்த்து வியந்த பின்னர், மாலையில் சந்திரமௌலீசுவரர் கோயிலின் முன்னே இளைப்பாற அமர்ந்தோம். சிட்டுக்குருவிகள் பெருங் கூச்சலிட்டுக் கொண்டு தத்தம் இடங்களில் அடைந்தன. அவை அடங்கும் முன்னரே கொசுக்கள் எழுந்து எம்மைச் சூழ்ந்தன.

மாணாக்கர் ஒருவர் தம் முழங்கையில் அமர்ந்த கொசுவை அடித்துக் கொன்று, அதை உள்ளங்கையில் ஏந்தி ஆசிரியரிடம் காட்டினார். பழுப்பு நிறமும் கூன் விழுந்த முதுகும் உடைய சாதாரணக் கொசு. ஆசிரியர் அதனைப் பார்த்துவிட்டு, இதனையும் அதோ மாடத்திலிருக்கும் குருவியையும் துணையாகக் கொண்டே ராஸ் என்னும் வைத்தியர் உலகப் புகழ் எய்தினார் என்றும், இவ்வினக் கொசுவே நெடுந்தூரத்துத் தீவுகளிற் சென்று பல பறவைக் குலங்களை அழித்தது என்றும் கூறினார். வண்டிக்கு நேரமாகிவிட்டமையால் பேச்சு அங்ஙனமே நின்றது. கல்லூரிக்கு மீண்ட பின் அவ்விஷயத்தைத் தேடிப் படித்தோம்; அவ்வாறு அறிந்ததையே இங்கு எழுதலாயினோம்.

ரோனால்டு ராஸ் பிறந்தது இந்திய மண்ணிலேதான். இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில், 1857-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி அவர் பிறந்தார். மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தையார் இந்தியப் படையில் உயர்ந்த பதவி வகித்தவர். எட்டாம் வயதிலே குழந்தையைப் பெற்றோர் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டனர். அக்காலத்து ஆங்கில உத்தியோகஸ்தர் குடும்பங்களில் இது வழக்கமே.

சிறுவர்க்குச் சித்திரத்திலும் செய்யுளிலும் சங்கீதத்திலும் மனம் சென்றது. கணிதத்திலும் பெரும் பற்று உண்டாயிற்று. தந்தையாரோ மகன் வைத்தியனாகி இந்திய மருத்துவ உத்தியோகத்தில் அமர வேண்டுமென்று முடிவு செய்துவிட்டார். மகன் பணிந்தாரேயன்றி இசைந்தார் என்பதற்கில்லை. லண்டனில் செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் சேர்ந்து படித்த நாட்களில் பாடத்தினும் பாட்டே அவருக்கு உவப்பாயிற்று. ஒரு பரீட்சையில் தவறவும் செய்தார். சிறிது காலம் கப்பல் வைத்தியராய் அட்லாண்டிக் கடலைக் கடந்து திரிந்தபின், மீண்டும் பரீட்சை எழுதித் தேறி, 1881-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ உத்தியோகத்திற் சேர்ந்து, சென்னை மாகாணத்திற்கென நியமிக்கப்பெற்றுக் கப்பலேறினார். பரீட்சையில் தவறிய மாணவர் எவரேனும் இப்பக்கத்தைப் படிக்க நேர்ந்தால், இவ்வரியைச் சற்று நின்று படிப்பாராக.

சென்னையிலும் பர்மாவிலும் அந்தமான் தீவிலும் பெங்களூரிலும் மாறி மாறி வேலை பார்த்த அம்முதற் சில ஆண்டுகளில் அவர் செய்த அருஞ்செயல் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வேலை காலையில் முடிந்துவிடும். எஞ்சிய பொழுதெல்லாம் கணிதம், கவிதை, கதை, குதிரைச் சவாரி இவற்றிலே கழிந்தது. ஆயினும் 1883-ஆம் ஆண்டில் பெங்களூரில் நிகழ்ந்த சிறு செய்தி ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. அவர் தங்கியிருந்த பங்களாவிலே மற்றை வீடுகளைக் காட்டிலும் கொசு மிகுதியாயிருந்தது. காரணம் தேடியபோது, ஜன்னலுக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியிலே புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. படையின் அதிகாரி ஒருவரிடம் இதனைச் சொல்லி, மற்றைத் தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்றார். அவ்வதிகாரி அது இயற்கையின் ஒழுங்கைக் குலைப்பதாகும் என்று கருதி மறுத்துவிட்டார். கொசு நோய் பரப்பும் என்பதை ராஸ் அப்போது கனவிலும் நினைத்திலர். தூக்கம் கெடுவதே அவருடைய குறையாயிருந்தது.

அந்நாளில் முறைக்காய்ச்சல் எதனால் வருகிறது என்பதைப்பற்றி வைத்தியரிடையே தெளிவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட ஆவியே காரணம் என்பது பழைய கொள்கை; மலேரியா என்னும் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். 1880-ஆம் ஆண்டில், அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படை வைத்தியராயிருந்த லாவெரான் என்பவர், நோயாளியின் இரத்தத்தில் உயிருள்ள நுண்கிருமிகளைக் கண்டார். ஆனால் அக்கிருமி ஓர் உடலினின்று மற்றோர் உடலுக்குச் செல்லும் வழி விளங்கவில்லை. லண்டனிலிருந்த பாட்ரிக் மான்ஸன் என்னும் பெரியார், அவ்வழி கொசுவே என்று ஊகித்தார். அவர் முன்பு சீன தேசத்து ஆமாய்த் துறைமுகத்தில் வைத்தியராயிருந்த காலத்தில், 1877-ஆம் ஆண்டிலே, யானைக்கால் நோய்க்குரிய புழு மனித இரத்தத்தினின்று கொசுவின் வயிற்றுட் சென்று அங்கு வளர்வதைக் கண்டவர். எனவே அவர் ஊகம் வெறும் ஊகமன்று.

1894-ஆம் ஆண்டில் விடுமுறையில் லண்டன் சென்ற ராஸ், மான்ஸனைக் கண்டார். லாவெரானின் கிருமியை அதுவரை தம்மால் காண முடியாமையால், அதில் ஐயமே கொண்டிருந்தவர் ராஸ். மான்ஸன் அவரை உட்கார வைத்து, நுண்காட்டியில் கிருமியைக் காட்டித் தம் கொசுக் கொள்கையையும் விளக்கினார். அன்று தொட்டு ராஸ் வேறு மனிதரானார். முப்பத்தேழு வயது வரையில் பல துறைகளிலும் அலைந்த மனம் ஒரே துறையில் ஊன்றி நின்றது. மறு வருஷம் இந்தியாவுக்குத் திரும்பி, செகந்திராபாத்திலே படை வைத்தியராய் அமர்ந்து, கொசுக்களை அறுத்துப் பார்க்கும் வேலையைத் தொடங்கினார்.

அவ்வேலையின் கடுமையை நம் போன்றார் எளிதில் உணர்தல் அரிது. கொசுவோ கடுகினும் சிறிது. அதன் வயிற்றையும் உறுப்புக்களையும் ஊசி முனையால் பிரித்தெடுத்து, அணு அணுவாக நுண்காட்டியிற் பார்த்தல் வேண்டும். கொசுக்களுள் எத்தனை இனம் உண்டு, எவ்வினம் எந்நோயைத் தாங்கும் என்பனவற்றைச் சொல்ல அவரிடம் நூல்கள் இல்லை. பழுப்புக் கொசு, சாம்பற் கொசு, புள்ளியிறகுக் கொசு என்று தாமே பெயரிட்டுக் கொண்டார். இரண்டாண்டு காலம் தவறான இனங்களை அறுத்துப் பார்த்து ஏமாந்தார். இடையே வாந்திபேதி பரவியதற்காகப் பெங்களூருக்கு மாற்றினார்கள். விடுமுறை கிடைத்தபோது நம் நீலகிரியில், உதகமண்டலத்தினின்று கீழிறங்கும் சீகூர்க் கணவாய்க்குக் கிருமி தேடிச் சென்று, தாமே அந்தக் காய்ச்சலில் விழுந்தார். சுவரில் வாலைத் தூக்கி அமரும் புள்ளியிறகுக் கொசுவை அவர் கவனித்ததும் அப்பயணத்திலேதான்.

செகந்திராபாத்துக்கு மீண்டபின், 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், புழுவிலிருந்து வளர்த்தெடுத்த புள்ளியிறகுக் கொசுக்கள் அவர் கைக்கு அகப்பட்டன. உசேன் கான் என்னும் நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலி பெற்றுக் கொண்டு, அவற்றிற்குத் தம் இரத்தத்தை ஊட்டினார். நாள்தோறும் ஒன்றிரண்டாக அறுத்து வந்தார் ராஸ். 20-ஆம் தேதி நண்பகலில், மிஞ்சியிருந்த மிகச் சிலவற்றுள் ஒன்றை அறுத்தபோது, அதன் வயிற்றுச் சுவரிலே முன் எக்கொசுவிலும் காணாத வட்டமான அணுக்கள் சில தென்பட்டன; அவற்றினுள்ளே மலேரியாக் கிருமிக்கே உரிய கரும்பொடி இருந்தது. மறுநாள் மற்றொன்றை அறுத்தார், அவ்வணுக்கள் வளர்ந்திருந்தன. கிருமி கொசுவினுள்ளே வாழ்ந்து வளர்கிறது என்பது ஐயமற விளங்கிற்று. ஆகஸ்டு 20-ஆம் நாளை உலகக் கொசு நாள் என்று கொண்டாடுவது இது பற்றியே.

இவ்வளவில் நம் பாட புத்தகங்கள் கதையை முடித்துவிடுகின்றன. ஆனால் எமது ஆராய்ச்சிக்கு வேண்டியது இனித்தான் வருகிறது. கொசுவின் வயிற்றுட் சென்ற கிருமி, மறுபடியும் நோயற்ற ஓர் உடலுக்குள் எப்படிப் புகுகிறது? கொசு இறந்து விழுந்த நீரைப் பருகுவதனாலேயே நோய் வரும் என்பது மான்ஸனின் எண்ணம். கடியினால் வரும் என்பதற்குச் சாட்சி இல்லை. இதைத் தேடும் வேளையில் துரைத்தனத்தார் ராஸை ராஜபுதனத்திலுள்ள கேர்வாராவுக்கு மாற்றினர். அங்கே முறைக்காய்ச்சலே அருமை. அவர் மனம் கசந்து உத்தியோகத்தையே விட்டுவிட எண்ணினார். மான்ஸன் லண்டனிலிருந்து மேலிடங்களுக்கு எழுதி வற்புறுத்தியதன் பயனாக, 1898 பிப்ரவரியில் அவர் கல்கத்தாவுக்கு விசேஷ ஆராய்ச்சியாளராக அனுப்பப்பட்டார்.

கல்கத்தாவிலும் ஓர் இடையூறு நேர்ந்தது. அது பிளேக் நோய்க்கு ஜனங்கள் அஞ்சி நடுங்கிய காலம். வெள்ளைக்கார வைத்தியர் ஊசியுடன் வருகிறார் என்றாலே தெரு வெறிச்சோடிப் போகும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் கேட்டாலும் கொடுப்பார் இல்லை. ஆகவே மான்ஸன் பறவைகளை எடுத்துக் கொள்ளும்படி எழுதினார். சிட்டுக்குருவி, வானம்பாடி, காகம் முதலியவற்றிற்கும் மலேரியாவை ஒத்த காய்ச்சற் கிருமிகள் உண்டு என்பதை ருஷ்ய தேசத்து டானிலெவ்ஸ்கி முன்பே காட்டியிருந்தார். பறவைக் காய்ச்சலை ஆராய்வதற்கு இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டுவதில்லையே என்று ராஸ் குறைப்பட்டுக் கொண்டார். மனிதரின் நோயை வெல்லப் புறப்பட்டவருக்குக் குருவியைத் தருவது, யானை வேட்டைக்குப் போனவரிடம் உண்டிவில்லைக் கொடுத்தது போலத் தோன்றியிருக்க வேண்டும்.

வேறு வழியின்மையின் தொடங்கினார். முகம்மது பக்ஸ் என்னும் உதவியாளர் வீதிகளிலும் சாக்கடைகளிலும் கொசுப் புழுக்களைத் திரட்டி வளர்த்தார். பறவைகளைப் பிடிப்பதும், இரவில் கூண்டுகளைக் கொசுவலைக்குள் வைப்பதும், காலையில் இரத்தம் பருகிய கொசுக்களைச் சீசாக்களில் எடுப்பதும் நாள்தோறும் நடந்தன. கிசோரி மோகன் பந்தோபாத்யாயர் என்னும் வங்காள இளைஞரும் துணை நின்றார். கல்கத்தாவில் மலிந்திருந்த சாம்பற் கொசுவே இவ்வேலைக்கு உகந்ததென்று தெரிந்தது. அதற்கு அறிஞர் இட்ட பெயர் கூலெக்ஸ் பாட்டிகன்ஸ். இக்காலத்தில் கூலெக்ஸ் குயின்குபேசியாட்டஸ் என்று வழங்குகின்றனர். திருவக்கரையில் எம் நண்பரின் உள்ளங்கையில் கிடந்ததும், ஆமாயில் மான்ஸன் அறுத்துப் பார்த்ததும், தென்னார்க்காட்டிலும் புதுச்சேரியிலும் யானைக்கால் நோயைப் பரப்பியதும் இவ்வினமே.

ராஸ் கணிதப் பித்தர் என்று மேலே சொன்னோம். அப்பித்து இங்கே பயன்பட்டது. இரத்தத்தில் கிருமியே இல்லாத குருவி ஒன்று, மிதமாக உள்ள குருவி ஒன்று, மிகுதியாக உள்ள குருவி ஒன்று ஆகிய மூன்றையும் வெவ்வேறு வலைக்குள் வைத்துக் கொசுக்களை விட்டார். பிறகு ஒவ்வொரு வலையிலிருந்தும் பத்துக் கொசுக்களை எடுத்து அறுத்து, வயிற்றுச் சுவரிலுள்ள அணுக்களை எண்ணினார். முதல் வலைக் கொசுக்களில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் 292, மூன்றாவதில் 1,009. இந்த மூன்று எண்களுக்குப் பின் எவரும் மறுத்துப் பேச இடமில்லை. எத்தனையோ சொற்பொழிவுகள் செய்ய இயலாததை ஒரு வரி எண் செய்துவிட்டது என்று யாம் கருதுகிறோம்.

அணுக்கள் முதிர்ந்து வெடிப்பதையும், அவற்றினின்று நூலிழை போன்ற நுண்கோல்கள் கொசுவின் உடலெங்கும் பரவுவதையும் தொடர்ந்து கண்டார். அக்கோல்கள் எங்கே போகின்றன? 1898 ஜூலை மாதம் 4-ஆம் தேதி, கொசுவின் தலைப்புறத்தை அறுத்தபோது, உமிழ்நீர்ச் சுரப்பியிலே அவை நெருக்கமாக அடைந்து கிடந்ததைக் கண்டார். கடிக்கும்போது கொசு தன் உமிழ்நீரைக் காயத்தில் விடுகிறதன்றோ! வழி புலப்பட்டுவிட்டது. முன்னரே இரத்தத்தைச் சோதித்து நோயற்றவை என்று தெளிந்த சிட்டுக்குருவிகளை, நோய்கொண்ட கொசுக்கள் கடிக்கும்படி விட்டார். 28 குருவிகளுள் 22 நோயுற்றன. நோய் நீரினால் அன்று, காற்றினால் அன்று, கடியினாலே வருகிறது என்பது மெய்யாயிற்று. அம்மாத இறுதியில் எடின்பரோவில் கூடிய பிரிட்டிஷ் வைத்தியர் சங்கத்தில் மான்ஸன் இச்செய்தியை வெளியிட்டார்.

இங்கே முகம்மது பக்ஸைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். பறவையைக் கொணர்ந்தவரும் கொசுவை வளர்த்தவரும் இரவில் வலையைக் காத்தவரும் அவர். ராஸ் தம் நூலில் அவர் பெயரை மறவாது குறித்திருக்கிறார். ஆயினும் உலகம் குறிக்கவில்லை. எந்த ஆராய்ச்சிச் சாலையிலும் சீசா கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் கல்லூரியிலும் இருக்கிறார்கள்.

ராஸ் குருவியில் நிலைநாட்டியதை, அவ்வாண்டின் இறுதியிலே இத்தாலி தேசத்து கிராஸியும் அவர் தோழர்களும் மனிதரிடத்தில் நிலைநாட்டினர். அனோபிலிஸ் என்னும் இனமே மனித மலேரியாவைத் தாங்குவது என்றும் காட்டினர். புகழ் யாருக்கு என்பதில் இருவருக்கும் பெரும் பகை மூண்டது. ராஸ் இறுதி வரை அதைத் தணிய விடவில்லை. தம் ஆசிரியராகிய மான்ஸனோடும் பின்னாளில் பிணக்குற்றார். பெரிய காரியம் செய்தவரெல்லாம் பெருந்தன்மையும் உடையவராயிருப்பர் என்று எதிர்பார்த்தல் தவறு போலும். 1902-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு ராஸ் ஒருவர்க்கே கிடைத்தது. பிரிட்டிஷ் பிரஜைகளுள் அப்பரிசு பெற்ற முதல்வர் அவரே.

1899-ஆம் ஆண்டில் இந்திய உத்தியோகத்தை விட்டு நீங்கி, லிவர்பூலில் புதிதாய் நிறுவப்பெற்ற உஷ்ணமண்டல வைத்தியக் கல்லூரியில் ஆசிரியரானார். மேற்காப்பிரிக்காவுக்கும், சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவுக்கும் சென்று, தேங்கிய நீரை ஒழிப்பதனால் காய்ச்சலை ஒழிக்கலாம் என்று போதித்தார். பெங்களூர்த் தொட்டியின் பாடம் இப்போது ஊர்களின் அளவுக்கு விரிந்தது.

அப்பிரயாணங்களுள் நம்மவர்க்கு நெருங்கியது மொரீசியசுத் தீவுக்குச் சென்றது. கரும்புத் தோட்டங்களில் உழைக்கும்பொருட்டு நம் தமிழ் மக்களும் திரளாகச் சென்று குடியேறிய தீவு அது. 1860-களுக்கு முன் அங்கே முறைக்காய்ச்சல் என்பதே இல்லை. கப்பல்களில் அனோபிலிஸ் கொசு வந்து சேர்ந்த பின், நோயை அறியாத அந்த மண்ணில் காய்ச்சல் காட்டுத்தீயைப் போலப் பரவி, 1867-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் பல்லாயிரவரைக் கொன்றது. 1907-இன் இறுதியில் ராஸ் அத்தீவுக்குச் சென்று, சில மாதங்கள் தங்கி, குழந்தைகளின் வயிற்றில் வீங்கிய மண்ணீரலைத் தடவித் தடவி எண்ணி நோயின் அளவைக் கணித்தார். அதுபற்றி எழுதிய அறிக்கையிலேதான், கொசுவை முற்றும் ஒழிக்க வேண்டுவதில்லை, குறித்த ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானே அற்றுப் போகும் என்பதைக் கணித முறையில் காட்டத் தொடங்கினார். இளமையில் தந்தையார் வீண்பொழுது என்று கருதியிருக்கக்கூடிய கணிதம் அது. தொற்றுநோய்களைக் கணக்கிடுவோர் பிற்காலத்திலும் அக்கணக்கையே அடிப்படையாகக் கொண்டனர்.

1911-ஆம் ஆண்டில் ஸர் பட்டம் பெற்றார். 1914-இல் யுத்தம் தொடங்கிய சில வாரங்களுக்குள் மூத்த மகன் பிரான்சில் போர்க்களத்தில் மாண்டார். 1926-இல் அவர் பெயரால் லண்டனில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1927 ஜனவரியில் கல்கத்தாவுக்கு வந்து, தாம் குருவிகளோடு வேலை செய்த ஆஸ்பத்திரியின் மதிலிலே தமக்கென எழுப்பிய நினைவு வாயிலைத் தாமே திறந்து வைத்தார். முதுமையில் கைப்பொருள் போதாமையால் தம் கடிதங்களையும் குறிப்புக்களையும் விற்க நேர்ந்தது. 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி காலமானார்.

இனி, ஆசிரியர் சொன்ன தீவுகளின் கதைக்கு வருவோம். பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே, எக்கரைக்கும் எட்டாத் தொலைவில் உள்ளது ஹவாய்த் தீவுக் கூட்டம். அங்கே ஆதியில் கொசுவே இல்லை. எப்பொழுதோ காற்றில் அடிபட்டு வந்து சேர்ந்த ஒரே சிறு குருவிக் குலம், பல இலட்சம் ஆண்டுகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களாய்ப் பல்கிற்று: பூவின் தேனை உறிஞ்ச வளைந்த அலகு உடையது ஒன்று, பட்டையைப் பிளக்கத் தடித்த அலகு உடையது ஒன்று, விதையை உடைக்கக் கிளியின் மூக்குப் போன்றது ஒன்று. செக்கச் சிவந்த இறகும் பிறை போன்ற அலகும் உடைய இயீவி என்னும் பறவையின் இறகுகளால் அத்தீவின் அரசர்க்கு மேலாடை நெய்தனர்.

1826-ஆம் ஆண்டில், மெக்சிகோவிலிருந்து வந்த வெலிங்டன் என்னும் கப்பல், மாவித் தீவின் துறையில் நன்னீர் பிடிக்க நின்றது. அதன் பீப்பாய்களின் அடியிற் கிடந்த பழைய தண்ணீரை மாலுமிகள் ஓடையில் கொட்டினர் என்றும், சில நாட்களில் அவ்வூரார் தங்கள் பாதிரியாரிடம் வந்து, காதருகே பாடும் புதிய ஈ ஒன்று தோன்றியிருக்கிறது என்று முறையிட்டனர் என்றும் சொல்லுவர். அந்த ஈ வேறன்று. ராஸின் சாம்பற் கொசுவே. கவிழ்க்கக் கூடாத இடத்தில் கவிழ்த்த தொட்டி இது.

கொசு வந்தபின் கிருமி வர நெடுநாள் ஆயிற்று. காடழிப்பு, எலி, ஆடு, பன்றி, அம்மைநோய் முதலியவற்றால் முன்னமே பறவைகள் குறைந்து வந்தன. இறகாடைக்குப் பெயர்பெற்ற மாமோ என்னும் பறவை, ராஸ் கல்கத்தாவில் குருவிகளை எண்ணிய அதே 1898-க்குப் பிறகு உறுதியாகக் காணப்படவில்லை. தாழ்நிலத்துக் காடுகள் பாட்டொலி இழந்தன. வீட்டைச் சுற்றிப் பறவை பாட வேண்டுமே என்று விரும்பிய குடியேறினோர் பிற தேசத்துப் பறவைகளைக் கூண்டு கூண்டாகக் கொணர்ந்து விட்டனர். 1930-இல் இதற்கென ஒரு சங்கமே ஏற்பட்டது. நம் நாட்டு மைனாவும், பயிர்ப்புழுவைத் தின்னும் என்று கருதி, 1865-லேயே அங்கு கொண்டுபோகப்பட்டிருந்தது. இங்ஙனம் வந்த அயற்பறவைகள் பலவற்றுள் எதனுடைய இரத்தத்திலோ அக்கிருமி மறைந்து வந்தது. ராஸ் காலத்தில் புரோட்டியோசோமா என்றும், இக்காலத்தில் பிளாஸ்மோடியம் ரெலிக்டம் என்றும் வழங்கும், கல்கத்தாச் சிட்டுக்குருவியின் அதே கிருமி.

நம் குருவிகள் அக்கிருமியோடு எண்ணிறந்த தலைமுறை பழகியவை. அவற்றுட் பல நோயைத் தாங்கிக் கொண்டே பறந்து திரியும். அதனாலன்றோ ராஸ் கல்கத்தா வீதியிலேயே நோயுற்ற குருவிகளைப் பிடிக்க முடிந்தது. தீவுப் பறவைகட்கு அப்பழக்கம் சிறிதுமில்லை. நோய்கொண்ட ஒரே கொசுவின் கடியால் இயீவிப் பறவைகளுள் பத்துக்கு ஒன்பது மாண்டதை ஆராய்ச்சியாளர் கண்டனர். மொரீசியசு மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆனால் மக்களுக்குக் கொயினா இருந்தது, வைத்தியர் இருந்தார், கப்பலேறி அகலவும் கூடும்.

இந்நோயின் கையை வெளிப்படுத்தியவர் ரிச்சர்ட் வார்னர் என்பவர். தீவுப் பறவைகளைத் தாழ்நிலத்துக்குக் கொணர்ந்து, சிலவற்றை வலையிட்ட கூண்டிலும் சிலவற்றை வலையில்லாத கூண்டிலும் வைத்தார். வலைக்குள் இருந்தவை பிழைத்தன. வெளியிலிருந்தவை நோயுற்று மடிந்தன. அவர் முடிவுகள் 1968-ஆம் ஆண்டில் வெளியாயின. கல்கத்தாவில் எழுபது ஆண்டுகட்கு முன் நடந்ததன் மறுபதிப்புப் போலவே இது தோன்றுகிறது. வேறுபாடு யாதெனில், ராஸுக்குக் குருவி கருவியாயிருந்தது, வார்னருக்குக் குருவியே நோயாளி.

அப்பறவைகளுள் எஞ்சியவை உயர்ந்த மலைகளில் ஒதுங்கின. குளிர் மிகுந்த இடத்தில் கொசு குறைவு; அன்றியும் உஷ்ணம் ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே இறங்கினால் கொசுவின் வயிற்றில் கிருமி வளர்வதில்லை. ஆகவே சுமார் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகள் கோட்டை போல நின்று காத்தன. உலகின் வெப்பம் ஏற ஏற அக்கோட்டையின் மதில் மேலே மேலே ஒதுங்குகிறது. மலையோ ஓர் அளவுக்கு மேல் உயரமில்லை. காவாய்த் தீவின் மலைகள் தணிந்தவை. அங்கே ஓ-ஓ என்னும் பறவை தன் துணையை அழைத்துக் கூவிய குரலை ஒலிப்பதிவு செய்திருக்கின்றனர். துணையாகப் பாடும் பேடு இல்லாமையால் பாட்டின் நடுவே இடைவெளி விட்டு விட்டுக் கூவுகிறது. 1987-க்குப் பின் அக்குரலையும் எவரும் கேட்டிலர். 2023-ஆம் ஆண்டில், அமெரிக்க அரசாங்கம் அழிந்தொழிந்தன என்று கூறிப் பாதுகாப்புப் பட்டியலினின்று நீக்கிய 21 உயிரினங்களுள் எட்டு ஹவாய்ப் பறவைகள்; ஓ-ஓவும் அவற்றுள் ஒன்று.

மலைக்காடு முழுவதிலும் நீரைக் கவிழ்க்க இயலுமா? பன்றிகள் பெருஞ்சூரற் செடிகளை ஒத்த மரப்பெரணிகளைக் குடைந்து தின்னும் குழிகள்தோறும் மழைநீர் தேங்குகிறது. ஆகவே வேறொரு வழி தேடினர். வோல்பாகியா என்னும் நுண்ணுயிர் கொசுக்களின் உடலில் இயல்பாகவே வாழ்வது. அதன் வகை வேறுபட்ட ஆணும் பெண்ணும் கூடினால் முட்டை பொரிப்பதில்லை. அத்தகைய ஆண் கொசுக்களை வளர்த்து இலட்சக்கணக்கில் காட்டில் விட்டால், பெண்கள் இடும் முட்டைகள் வீணாகும். ஆண் கொசு கடிப்பதுமில்லை. 1967-ஆம் ஆண்டில் லாவென் என்னும் ஜெர்மானிய அறிஞர், ரங்கூனுக்கு அருகிலுள்ள ஒக்போ என்னும் சிற்றூரில், யானைக்கால் பரப்பும் இதே கொசுவை இம்முறையால் ஒழித்துக் காட்டியிருந்தார். மனிதர்க்கென முயன்றது பறவைக்குப் பயன்பட வந்தது. 2023 நவம்பரில் மாவித் தீவின் மலைக்காட்டின் மேல், ஹெலிகாப்டரிலிருந்து சிறு பெட்டிகளில் ஆண் கொசுக்களை இறக்கத் தொடங்கினர். கொசுவை முற்றும் அழிக்காவிடினும் குறித்த அளவுக்குக் குறைத்தாற் போதும் என்று கணக்கிடும்போது, அவ்வேலையாளர் கையில் இருப்பது மொரீசியசில் ராஸ் தொடங்கிய கணக்கே.

நமக்கு அண்மையிலும் இவ்வேலை நடந்திருக்கிறது. திருவக்கரையினின்று புதுச்சேரி சில காத தூரமே. 1975-இல் அந்நகரில் நிறுவப்பெற்ற கொசு ஆராய்ச்சி நிலையம் யானைக்கால் ஒழிப்பில் நெடுங்காலம் உழைத்தது. 2022-ஆம் ஆண்டில், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்குள் வோல்பாகியாவைப் புகுத்தி வளர்த்ததாகவும் அறிவித்தது. அங்கும் ஒருமுறை செல்லவேண்டும் என்று எம் குழாத்தினர் விரும்புகின்றனர்.

திருவக்கரையினின்று மீண்ட மறுவாரம், யாம் விடுதியின் பின்புறத்தைச் சுற்றிப் பார்த்தோம். சமையற்கட்டின் அருகே, பயன்படாத கற்றொட்டி ஒன்றில் பாசி படர்ந்த நீர் நின்றது. ஒரு கரண்டியால் அள்ளி வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி எண்ணினோம். நாற்பத்தொரு புழு இருந்தன. தொட்டியைச் சாய்க்க நால்வர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. இத்தனை வருஷமாய் இருக்கிற தொட்டியை ஏன் புரட்டுகிறீர்கள் என்று சமையற்காரர் வந்து கோபித்தார். பெங்களூர் அதிகாரியின் நினைவு வந்து யாம் நகைத்தோம். அவருக்கும் காரணத்தைச் சொன்னோம். அவர் சற்று நேரம் கிண்ணத்தைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, தாழ்வாரத்து விட்டத்தில் குருவி கூடு கட்டியிருக்கிறது, அதைக் கலைத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிச் சென்றார்.